பயிர்நோய்ப் பேரறிஞர் சதாசிவன்

மாந்தர்க்கு நோய் வருவது போலவே பயிர்க்கும் நோய் வரும். மனிதன் தன் நோவை வாய்விட்டு உரைப்பான். ஆடுமாடுகள் தீனி மறுத்தேனும் காட்டும். பயிரோ வாய் திறவாது. தளிர் சாய்ந்த பின்னரும் இலை கருகிய பின்னருமே உழவன் அதன் துன்பத்தை அறிவான். அறியும் வேளையில் பெரும்பாலும் காலங் கடந்திருக்கும்.

மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு முதலிய நகர்ப்பகுதிகளில் வாழும் மாணவர்கள் வயல்களை நாள்தோறும் காண்பதில்லை. ஆயினும் மாடியிலே தொட்டிகள் வைத்துத் தக்காளியும் கத்தரியும் வளர்க்கும் இல்லங்கள் அங்கே பலவுண்டு. நேற்று மாலை செழித்து நின்ற தக்காளிச் செடி, இன்று உச்சிப்பொழுதில் இலை பச்சையாய் இருக்கும்போதே தலை சாய்ந்து நிற்கும். நீர் போதவில்லை என்று எண்ணிக் குடங்குடமாய் ஊற்றினும் அது நிமிராது. அத்தகைய செடியின் தண்டை அடியில் அறுத்து, அறுத்த வாய் நீரில் மூழ்குமாறு, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிட்டுப் பாருங்கள். சிறிது நேரத்தில், பால் சொட்டியது போன்ற வெண்ணிற இழையொன்று நீரினுள் மெல்ல இறங்கக் காணலாம். அவ்விழை முழுதும் பாக்டீரியாக்களே. மண்ணிலிருந்து வேர் வழியாக நுழைந்து, நீர் செல்லும் குழாய்களில் பெருகி, அவற்றை அடைத்துச் செடியைத் தாகத்தால் மாளச் செய்பவை அவையே. வாடல் நோயில் மற்றொரு வகையும் உண்டு. அதில் வெண்ணிழை இறங்காது. இலைகள் கீழிருந்து ஒவ்வொன்றாய் மஞ்சளித்து உதிரும். தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு ஓடியிருக்கும். அது பூஞ்சணத்தால் விளைவது.

இவ்விரண்டும் மண்ணிலே குடியிருப்பவை. இலைமேல் தெளிக்கும் மருந்து இவற்றை எட்டாது. மண் முழுவதையும் நஞ்சூட்டித் தூய்மை செய்வோம் என்றாலோ, நோய்க்கிருமியோடு மண்ணுக்கு உயிராய் நிற்கும் நல்லுயிர்களும் மடியும். அங்ஙனமாயின் உழவன் செய்யத்தக்கது யாது? இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராய் விளங்கிய டி. எஸ். சதாசிவன் ஆவர்.

சதாசிவன் 1913-ஆம் ஆண்டு மே திங்கள் 22-ஆம் நாள் பிறந்தார். அவர் இளைஞராய் இருந்த காலத்தில், இந்திய நாட்டில் தாவரவியல் கற்க விரும்பியோரை இலக்னோ நகரம் தன்பால் ஈர்த்துக்கொண்டிருந்தது. புதைபடிவத் தாவரங்களை ஆராய்ந்து உலகப்புகழ் எய்திய பீர்பல் சாஹ்னி அங்கே துறைத்தலைவராய் இருந்தமையே அதற்குக் காரணம். சதாசிவன் இலக்னோப் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றபின், மேலாராய்ச்சியின் பொருட்டு இங்கிலாந்து சென்றார்.

இலண்டனுக்கு வடக்கே ராதம்ஸ்டெட் என்னுமிடத்தில் ஓர் உழவியல் ஆராய்ச்சி நிலையம் உண்டு. 1843-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அந்நிலையத்தில், அவ்வாண்டு கோதுமை விதைத்த வயலொன்றில் இன்றளவும் ஆராய்ச்சி நடைபெற்று வருகின்றது. ஒரே வயலைத் தலைமுறை தலைமுறையாய்க் கண்காணித்து வரும் பொறுமை அங்குள்ளோரின் மரபு. மண்வழி நோய்களை ஆராய்வதில் முன்னோடியாகிய காரெட் என்பவர் அக்காலத்தில் அங்கே பணியாற்றினார். அவர் அதற்கு முன்னர் ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு நகரத்து வெயிட் ஆராய்ச்சி நிலையத்தில் கோதுமையின் வேர்நோயை ஆராய்ந்தவர். இந்நிலையத்தின் பெயரை நினைவிற் கொள்க. பின்னர் மீண்டும் வரும்.

சதாசிவன் அங்கே எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, பார்வைக்கு மிக எளியது. கோதுமை வைக்கோலைப் பலவகை மண்ணிலே புதைத்தார். நாள்கள் செல்லச் செல்ல, எந்தப் பூஞ்சணம் முதலில் அதன்மேல் ஏறுகின்றது, எது இரண்டாவதாய் வருகின்றது, எது எதனை விரட்டுகின்றது என்று முறையாகக் குறித்தார். கோதுமைக்கு நோய் தரும் பூஞ்சணமொன்றின் நடத்தையை அவர் தனியே கவனித்தார். 1939-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை இதைப் பற்றியதே. மட்கும் வைக்கோல் என்பது வெறுங்குப்பையன்று. அஃது ஓர் ஊர். அவ்வூரில் முன்னே குடியேறியவனுக்கே உரிமை மிகுதி. முந்திக்கொண்ட பூஞ்சணம் நிலைத்துவிடும். பிந்தியது, முன்னமே குடியேறியோரோடு போராடித் தோற்கும்.

இக்கருத்தை நம் வீட்டு அடுக்களையிலேயே காணலாம். காய்ச்சிய பாலை ஆறவைத்துச் சிறிது மோர் உறை ஊற்றி வைத்தால், மறுநாள் கட்டித் தயிர் கிடைக்கும். உறை ஊற்ற மறந்தாலோ, அதே பால் திரிந்து நாற்றமெடுக்கும். உறைமோரில் உள்ள நல்ல பாக்டீரியா முன்னே குடியேறிப் பாலைப் புளிக்கச் செய்து, பின்வரும் கெட்ட கிருமிகளுக்கு இடமில்லாதபடி செய்துவிடுகின்றது. மண்ணுக்கும் அவ்வாறு உறை ஊற்ற இயலுமா? இயலும் என்று சொல்வதற்கு முன்னர், மண்ணில் யார் யார் குடியிருக்கின்றனர் என்பதும், அவர்கள் எதனை உண்டு எவ்வாறு வாழ்கின்றனர் என்பதும் தெரிதல் வேண்டும். சதாசிவன் தமக்கென வகுத்துக்கொண்ட பணி இதுவே.

இலண்டன் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பிய சதாசிவன், சென்னைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் பணி ஏற்றார். திருமயிலையிலிருந்து கடற்கரைச் சாலை வழியே கலங்கரை விளக்கத்தையும் மாநிலக் கல்லூரியையும் கடந்து வடக்கே சென்றால் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகக் கட்டடங்கள் தோன்றும். அந்நாளில் ஆய்வுக்கூடம் அங்கேதான் இருந்தது. அதன் இயக்குநராய் இருந்தவர் எம். ஓ. பி. அய்யங்கார், குளத்துப் பாசிகளை ஆராய்வதில் உலகம் மதித்த பேரறிஞர். அவர் 1944-இல் ஓய்வு பெற்றபோது, சதாசிவன் அப்பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. அத்துணை இளைஞரிடம் அத்துணைப் பெரும் பொறுப்பை ஒப்படைத்தது அக்காலத்தில் அரிய செய்தியாம்.

அவர் பொறுப்பேற்ற காலம் எத்தகையது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதற்கு முந்திய ஆண்டில்தான் வங்காளத்தில் கொடும் பஞ்சம் நிகழ்ந்தது. இலட்சக்கணக்கான மக்கள் பசியால் மாண்டனர். போரும், ஆட்சியாளரின் பிழைகளும், வணிகரின் பதுக்கலும் அதற்குப் பெருங்காரணங்கள். எனினும் 1942-இல் அந்நாட்டு நெற்பயிரைத் தாக்கிய செம்புள்ளி நோயும் அக்காரணங்களுள் ஒன்றென்று பின்னாளில் பயிர்நோய் வல்லுநர்கள் எடுத்துக் காட்டினர். கண்ணுக்குப் புலனாகாத ஒரு பூஞ்சணம் ஒரு நாட்டின் சோற்றுப் பானையைக் கவிழ்க்க வல்லது என்பதை அறிஞர் உலகம் கண்முன் கண்டது. பயிர்நோய் ஆராய்ச்சி என்பது ஏட்டுப் படிப்பாளர்களின் பொழுதுபோக்கன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

சதாசிவனும் அவர்தம் மாணாக்கரும் முதற்கண் எடுத்துக்கொண்டது பருத்தியின் வாடல் நோய். கரிசல் நிலத்து உழவனுக்குப் பருத்தியே கைப்பொருள். அதில் வரும் பணத்தைக் கொண்டே அவன் வட்டி கட்டவும் மகளை மணமுடித்துக் கொடுக்கவும் வேண்டும். வாடல் நோய் பற்றிய காட்டில் ஈரமிருந்தும் செடி காயும். நோய்ப் பூஞ்சணம் தடித்த தோலுடைய வித்துகளாய்ப் பல ஆண்டுகள் மண்ணிலே உறங்கிக் கிடந்து, பருத்தி வேர் அருகே வந்தவுடன் விழித்துக்கொள்ளும். ஆதலின் ஓராண்டு பயிரிடாமல் விட்டாலும் பயனில்லை.

சேப்பாக்கத்து ஆய்வுக்கூடத்தினர் இந்நோயை ஒரு மருத்துவன் நோயாளியை ஆராய்வது போல ஆராய்ந்தனர். இலை எவ்வளவு நீரை ஆவியாக்குகின்றது, வேர் எவ்வளவு நீரை உறிஞ்சுகின்றது, மூச்சு எவ்வாறு மாறுகின்றது என்றெல்லாம் அளந்தனர். நோயின் பெயரையும் கிருமியின் உருவத்தையும் எழுதி வைப்பதோடு அமையாது, நோயுற்ற பயிரின் உடலியக்கத்தை நுணுகி ஆராயும் இந்நெறி, பின்னர்ச் சென்னை ஆராய்ச்சியாளர்க்கே உரிய தனி வழியாக மதிக்கப்பெற்றது.

அக்காலத்தில் அறிஞரிடையே ஒரு வழக்கு இருந்தது. வாடற்பூஞ்சணத்தை ஆய்வுக்கூடக் குடுவையில் வளர்த்தால் அது பியூசரிக் அமிலம் என்னும் நஞ்சைச் சுரக்கும். சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிச் நகரில் காய்மன் என்னும் அறிஞர், செடியை வாடச் செய்வது இந்நஞ்சே என்று கருதி ஆராய்ந்து வந்தார். எதிர்வாதமும் எழுந்தது. குடுவையில் சுரப்பது உண்மைதான். உயிருள்ள செடிக்குள்ளும் அது சுரக்கின்றது என்பதற்குச் சான்று எங்கே? இது நியாயமான வினா. திருடன் வீட்டில் கத்தி இருந்தது என்பதனாலேயே அவன் கொலை செய்தான் என்று ஆகிவிடாது. சதாசிவனுடைய ஆய்வுக்கூடத்து மாணாக்கர் இருவர் இதனை ஆராய்ந்து, நோயுற்ற பருத்திச் செடியின் உள்ளிருந்தே அந்நஞ்சை எடுத்துக் காட்டினர். அவர்களது குறிப்பு 1955-இல் நேச்சர் என்னும் புகழ்பெற்ற ஆங்கில இதழில் வெளிவந்தது. கடற்கரையோரத்து ஒரு சிறு கூடத்திலிருந்து சென்ற விடையை உலகத்துப் பயிர்நோய் அறிஞர் எல்லாரும் கருத்தூன்றிப் படித்தனர்.

நஞ்சை அறிந்தபின் அவர் கவனம் மீண்டும் மண்ணின் பக்கமே திரும்பியது. துத்தநாகம், மாங்கனீசு முதலிய உலோகங்கள் மண்ணில் மிகச் சிறிய அளவிலேயே உள்ளன. ஆயினும் அவற்றின் அளவு மாறும்போது மண்ணுயிர்களின் தொகையும் மாறுகின்றது, நோயின் கடுமையும் மாறுகின்றது. இத்தொடர்பை அவரும் மாணாக்கரும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர்.

வேருக்கு மிக அண்மையில் உள்ள மெல்லிய மண்படலத்தை வேர்ச்சூழல் என்பர். செருமானிய அறிஞர் ஹில்ட்னர் 1904-இல் அதற்குத் தனிப்பெயர் இட்டார். வேர் உறிஞ்ச மட்டும் செய்வதில்லை. சருக்கரையும் பிற சத்துகளும் அதனின்று கசிகின்றன. அவ்விருந்தை உண்ண, மற்ற மண்ணில் இருப்பதினும் பன்மடங்கு பாக்டீரியாக்கள் அங்கே கூடுகின்றன. அவ்விருந்தாளிகளுள் சில, தம்மை அண்டிய நோய்ப்பூஞ்சணத்தைக் கொல்லும் பொருள்களைச் சுரக்கின்றன. செடி இட்ட சோற்றுக்கு நன்றி செலுத்துவன போலும்! சதாசிவனின் மாணாக்கர் துவரை முதலிய தென்னாட்டுப் பயிர்களின் வேர்ச்சூழலைத் தனித்தனியே கணக்கெடுத்தனர். அதே காலத்தில் தில்லியில் வாசுதேவா என்னும் அறிஞரும் அவர் குழுவினரும், துவரையின் வாடற்பூஞ்சணத்தை அடக்கும் பேசில்லஸ் என்னும் மண் பாக்டீரியாவை ஆராய்ந்து, அது சுரக்கும் மருந்துப் பொருளையும் பிரித்தெடுத்தனர். மண்ணின் பகையை மண்ணின் நட்பைக் கொண்டே வெல்லலாம் என்ற எண்ணம் இந்நாட்டில் இவ்வாறு வேரூன்றியது.

நெல்லின் குலைநோயைப் பற்றியும் சென்னைக் கூடத்தார் ஆராய்ந்தனர். இரவு வெப்பம் சுமார் 20 பாகை அளவுக்குத் தணியும் நாள்களில் நெற்பயிர் அந்நோய்க்கு எளிதில் ஆளாகின்றது என்பதை அவர்கள் விளக்கினர். பனிக்காலத்து இரவுகளில் உழவன் பயிரைப் பற்றிக் கவலைகொள்வது வீணன்று.

1963-இல் அமெரிக்க நாட்டுப் பெர்க்கிலி நகரில், மண்வழி நோய்கள் பற்றிய பேரவை ஒன்று கூடியது. அங்கு அளிக்கப்பெற்ற கட்டுரைகள் 1965-இல் நூலாயின. அந்நூலில் சதாசிவனின் கட்டுரையும் இடம்பெற்றுள்ளது. மண்ணிலுள்ள தாதுச் சத்துகளுக்கும் நுண்ணுயிர்களுக்கும் பயிர்நோய்க்கும் உள்ள தொடர்பே அதன் பொருள். நூலின் துணைத்தலைப்பு, அதனை உயிரியல் முறைக் கட்டுப்பாட்டுக்கு முன்னுரை என்று சுட்டுகின்றது. அச்சொல் மிகவும் பொருத்தமானது. முன்னுரை எழுதியவர்கள் நூல் முழுவதையும் காண்பது அரிது. சதாசிவனின் ஆய்வுக்கூடத்திலிருந்து உழவன் கடையில் வாங்கத்தக்க மருந்துப் புட்டி எதுவும் அந்நாளில் வெளிவரவில்லை. அதனைக் குறையாகச் சொல்வோர் உளர். கிணறு வெட்டுவோன் முதல் நாளிலேயே நீர் காட்டவில்லை என்று குறை கூறுவது போன்றதே அது என்பது என் கருத்து.

ஆசிரியர் என்ற முறையில் அவர் பெருமை, அவர்பால் பயின்றோரால் விளங்கும். அவருடைய மாணாக்கருள் ஒருவராகிய சி. வி. சுப்பிரமணியன், பூஞ்சண இயலில் உலகறிந்த அறிஞராகி, 1965-ஆம் ஆண்டுக்குரிய பட்நாகர் பரிசைப் பெற்றார். பின்னாளில் அம்மையத்தின் இயக்குநராகவும் அமர்ந்தார். 1960-களில் பல்கலைக்கழக மானியக் குழு சென்னைத் தாவரவியல் துறையை உயராய்வு மையமாக ஏற்றுக்கொண்டது. சர் சி. வி. இராமன் தாம் நிறுவிய இந்திய அறிவியல் கழகத்தின் தலைவராய் 1934 முதல் இறுதிவரை வீற்றிருந்தார். 1970-இல் அவர் மறைந்தபின், அவ்விருக்கையில் அடுத்து அமர்த்தப்பெற்றவர் சதாசிவனே. 1971 முதல் 1973 வரை அவர் அப்பொறுப்பை வகித்தார். சென்னையில் இருபத்தொன்பது ஆண்டுகள் இயக்குநராய்ப் பணிபுரிந்து 1973-இல் ஓய்வு பெற்றார். 1974-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது.

அவர் உயிரோடிருக்கும்போதே, முன்னுரைக்குப் பின்வரும் அதிகாரங்கள் எழுதப்படலாயின. அவற்றைச் சிறிது சொன்னாலன்றி அவர் செய்த பணியின் பயன் விளங்காது.

பூஞ்சணத்தை விடவும் உழவனை அலைக்கழிப்பது பாக்டீரியா தரும் நோய். பூஞ்சணத்துக்கு மருந்துகள் பலவுண்டு; பாக்டீரியாவுக்கோ மிகச் சில. 1963-இல் பீகார் மாநிலத்தில் நெல்லின் பாக்டீரியா இலைக்கருகல் நோய் பெருவாரியாய்ப் பரவியது. மிகுதியாகத் தழைச்சத்து இட்டு வளர்க்கும் புதிய குட்டை நெல்வகைகள் பல அந்நோய்க்கு எளிதில் இரையாயின. இலையின் நுனியும் ஓரமும் அலையலையாய் வெளுத்துக் காய்ந்து, கதிர் பதராகும். மனிதருக்குரிய ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் ஆகிய மருந்துகளையே கலந்து வயலிலும் தெளித்தனர். இம்மருந்துகளும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்து கிடைத்தவையே. ஆனால் வயல் முழுவதும் தெளிக்குங்கால், அவற்றுக்கு அஞ்சாத கிருமிகள் தோன்றும். பின்னர் மருத்துவமனையிலும் அம்மருந்து பலிக்காமற் போகும். இவ்வச்சத்தால் இந்திய அரசு 2021-இல் பயிருக்கு இவற்றைப் பயன்படுத்துவதைத் தடைசெய்யும் வரைவாணை ஒன்றை வெளியிட்டது.

மருந்தைத் தெளிப்பதற்கு மாறாக, மருந்து செய்யும் நுண்ணுயிரையே வேரில் குடியேற்றினால் என்ன? இதனைச் செய்து காட்டியவர் ஆலன் கெர் என்பார். அவர் பணியாற்றிய இடம் அடிலெய்டு நகரத்து அதே வெயிட் நிலையம். பாதாம், பீச்சு முதலிய மரங்களின் வேரும் தண்டும் கூடுமிடத்தில் பெருங்கழலை தோன்றும் நோய் அங்கே உண்டு. அதனைச் செய்வதும் ஒரு மண் பாக்டீரியாவே. 1970-களின் தொடக்கத்தில் கெர், அதே குலத்தைச் சேர்ந்த, தீங்கு செய்யாத ஒரு பாக்டீரியாவைக் கண்டெடுத்தார், அதற்குக் கே. 84 என்று பெயர். நாற்றின் வேரை இதன் கரைசலில் நனைத்து நட்டால் கழலை தோன்றவில்லை. காரணம் வியப்பானது. கழலையில் ஊறும் ஒருவகை உணவை உள்வாங்குவதற்கென நோய்க்கிருமி தன் உடலில் ஒரு வாயில் வைத்திருக்கின்றது. கே. 84 சுரக்கும் நஞ்சு அவ்வுணவைப் போன்ற சாயலுடையதாய், அவ்வாயில் வழியே உட்புகுந்து கிருமியைக் கொல்கின்றது.

ஆனால் ஓர் இடர்ப்பாடு தோன்றியது. நஞ்சு செய்யும் முறையும், அந்நஞ்சைத் தாங்கும் முறையும் கே. 84-இன் உள்ளே பிளாஸ்மிடு என்னும் ஒரு சிறு வளையத்தில் எழுதப்பட்டுள்ளன. பாக்டீரியாக்கள் தமக்குள் இத்தகைய வளையங்களைக் கைமாற்றிக்கொள்ளும் இயல்புடையன. நோய்க்கிருமி அவ்வளையத்தைப் பெற்றுவிட்டால் நஞ்சு அதனைத் தீண்டாது. கோட்டையின் திறவுகோலைக் காவலனே பகைவனிடம் கொடுத்தது போலாகும். எனவே கெர் குழுவினர், வளையத்தைக் கைமாற்றுவதற்கு வேண்டிய பகுதியை மட்டும் மரபணுப் பொறியியல் முறையால் வெட்டி நீக்கினர். நஞ்சு செய்யும் திறன் குன்றவில்லை; கைமாற்றும் திறன் மட்டும் ஒழிந்தது. கே. 1026 எனப்பெற்ற இப்புதிய பாக்டீரியா 1980-களின் இறுதியில் ஆஸ்திரேலிய உழவர்களுக்கு விற்பனைக்கு வந்தது. பயிரைக் காக்கும் பொருட்டு மரபணு திருத்தப்பெற்று, வணிகப் பொருளாக மண்ணில் விடப்பெற்ற நுண்ணுயிர்களுள் முதலாவது இதுவே.

திருத்திய பாக்டீரியாவாயினும் திருத்தாத பாக்டீரியாவாயினும், மண்ணிலே போய் நிலைக்கவில்லையேல் பயனில்லை. ஆய்வுக்கூடத் தட்டில் வீரம் காட்டிய பாக்டீரியா, வயல்மண்ணில் இட்ட சில நாள்களில் காணாமற் போவது உண்டு. அங்கே முன்னமே குடியிருப்போர் அதற்கு இடங்கொடுப்பதில்லை. ராதம்ஸ்டெட்டில் புதைத்த வைக்கோல் இளைஞர் சதாசிவனுக்குச் சொன்ன செய்தியன்றோ இது!

நம் நாட்டில் இம்முயற்சி, இயற்கையிற் கிடைக்கும் பாக்டீரியாக்களைக் கொண்டே பெரிதும் நடைபெற்றது. கோயம்புத்தூர்த் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், சூடோமோனாஸ் என்னும் வேர்ச்சூழல் பாக்டீரியாவை மாக்கல் பொடியில் கலந்து பக்குவப்படுத்தினர். ஒரு கிலோ விதைக்குப் பத்துக் கிராம் பொடி என்ற கணக்கில் நெல்விதையோடு சேர்த்து ஊறவைப்பது இன்று தமிழ்நாட்டு உழவர் பலர் அறிந்த வழக்கம். விதையோடு மண்ணில் இறங்கும் பாக்டீரியா, முளைவேரிலேயே முன்னே குடியேறுகின்றது. நோய்க்கிருமியைத் தடுப்பதோடு, பயிரின் தற்காப்பு ஆற்றலையும் அது முன்னதாகவே தட்டியெழுப்புகின்றது.

சதாசிவன் 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், எண்பத்தெட்டாம் வயதில் காலமானார். அவர் வளர்த்த மையம் இப்போது கிண்டி வளாகத்தில் உள்ளது. அடையாற்றிலிருந்து சர்தார் பட்டேல் சாலை வழியே செல்வோர், மரங்களடர்ந்த அப்பகுதியை எளிதில் அடையலாம். அங்கே ஞானமாணிக்கம் என்னும் பேராசிரியரும் அவர் குழுவினரும் நெல்லின் இலைக்கருகல் நோய்க்கு எதிரான பாக்டீரியாக்களைத் தேடினர். பயிர்களோடு ஒட்டி வாழும் 278 சூடோமோனாஸ் வகைகளை ஆராய்ந்தனர். அவற்றுள் 27 வகைகள் மட்டுமே நோய்க்கிருமியை அடக்கும் ஒரு குறிப்பிட்ட மருந்துப் பொருளைச் சுரப்பதைக் கண்டனர். அதைக்கொண்டு வலைக்கூடத்திலும் வயலிலும் செய்த சோதனைகளில் நோய் 59 முதல் 64 விழுக்காடு வரை குறைந்தது. இதனை 2006-இல் அவர்கள் வெளியிட்டனர்.

காத்தது அம்மருந்துதானா, வேறேதுமா என்ற ஐயம் எஞ்சியிருந்தது; முன்னொருகால் பருத்தியின் நஞ்சைப் பற்றி எழுந்த ஐயத்தைப் போன்றதே அது. அதனைத் தீர்க்க, அப்பாக்டீரியாவின் மரபணுக்களுள் மருந்து செய்வதற்குரியதை மட்டும் சிதைத்து, மருந்து சுரக்காத ஒரு வகையை ஆய்வுக்கூடத்திலே உண்டாக்கினர். அதனையும் நெல்லுக்கு இட்டுப் பார்த்தனர். தாய் பாக்டீரியா இட்ட பயிர் பெரிதும் தப்பியது. மரபணு சிதைந்ததை இட்ட பயிரில் இலைக்கருகல் அவ்வளவாய்க் குறையவில்லை.